வாசலில் வெப்பமானி, வகுப்பில் அடைபட்ட காற்று

கிள்ளானில் இருந்து மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஒரு மாணவரின் காலைப் பயணத்தை எண்ணிப் பாருங்கள். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறுகிறார். பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டிக்கு மாறுகிறார். யூனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்கிறார். பிறகு விரிவுரை அறை. விடுதியில் தங்குபவர் என்றால் இரவில் இன்னோர் அறை. ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு மனிதர்களோடு ஒரே காற்றைப் பகிர்ந்துகொள்கிறார். பெருந்தொற்றுக் காலத்தில் வளாகம் திரும்புவது சிக்கலானதற்கு இதுதான் காரணம்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் பாடங்கள் இணையத்துக்கு மாறின. அக்டோபர் தொடக்கத்தில் மாணவர்கள் நேரில் பதிய இருந்தபோது, தொற்று மீண்டும் ஏறியது. பலர் பெட்டியும் கையுமாகக் கிளம்பிய பிறகு பதிவு தள்ளிப்போனது. 2021 ஆகஸ்டு 26-இல் ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று உறுதியானது. தடுப்பூசி பரவலாகப் போடப்பட்ட பின், அக்டோபர் நடுப்பகுதியில் இருந்து மாணவர்கள் கட்டம் கட்டமாகத் திரும்பினர்.

வாசலில் உடல் வெப்பம் பார்த்தார்கள். மைசெஜாத்ராவில் பதியச் சொன்னார்கள். வெப்பமானி காய்ச்சலைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. கோவிட்-19 தொற்றியவர், அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே மற்றவருக்குப் பரப்பக்கூடும். சிலருக்குக் காய்ச்சலே வராது. சுயபரிசோதனைக் கருவிக்கும் எல்லை உண்டு. திங்கள்கிழமை உடலில் நுழைந்த கிருமி, கருவி கண்டுபிடிக்கும் அளவுக்குப் பெருகச் சில நாள் ஆகும். செவ்வாய்க்கிழமை ‘தொற்று இல்லை’ என்று வந்தால், அது அந்த நேரத்து நிலவரம் மட்டுமே. சில நாள் இடைவெளியில் மறுபடி சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

ஆக, யாராவது ஒருவர் தெரியாமல் உள்ளே வந்துவிடுவார் என்றே வைத்துக்கொள்வோம். இனி அறையைப் பார்க்க வேண்டும்.

நாம் வெளிவிடும் மூச்சில் கரிவளி, அதாவது கார்பன் டைஆக்சைடு, மில்லியனில் சுமார் 40,000 பங்கு இருக்கும். வெளிக்காற்றில் ஏறக்குறைய 420 பங்குதான். தொற்றியவரின் மூச்சில் கரிவளியோடு கிருமி தாங்கிய நுண்துளிகளும் வருகின்றன. அறையில் கரிவளி கூடுகிறது என்றால், பிறர் விட்ட மூச்சை நாம் கூடுதலாக இழுக்கிறோம் என்று பொருள்.

ஒரு கணக்குப் போடுவோம். 8 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையின் கொள்ளளவு 216 கன மீட்டர். உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 20 லிட்டர் கரிவளி விடுகிறார். 30 பேர் என்றால் 600 லிட்டர், அதாவது 0.6 கன மீட்டர். அறை முழுக்க அடைபட்டிருந்தால், மணிக்கு மில்லியனில் சுமார் 2,780 பங்கு கூடும். முக்கால் மணி நேரத்தில் அளவு 420-இல் இருந்து 2,500-ஐத் தொடும். கூடிய 2,080-ஐ 40,000-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை ஏறக்குறைய 5 விழுக்காடு. உங்கள் ஒவ்வொரு இருபது மூச்சிலும் ஒன்று, அந்த அறையில் யாரோ விட்ட மூச்சு! கதவிடுக்கில் கொஞ்சம் காற்று கசிவதால் உண்மையில் அளவு சற்றுக் குறையலாம். மலேசியாவின் உட்புறக் காற்றுத் தர நெறிமுறை வைத்துள்ள வரம்பு 1,000 பங்குதான்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுவரில் மாட்டியிருக்கும் சாதாரணக் குளிரூட்டி வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை. அறைக்காற்றையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப அனுப்புகிறது. அது ஓடுகிறதே என்று நாம் ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். அறை சில்லென்று இருக்கும். காற்று பழையதாகவே இருக்கும். நாற்காலிகளை ஒரு மீட்டர் தள்ளிப் போடுவது, அருகில் இருப்பவரின் பெரிய துளிகளைத் தவிர்க்க உதவும். காற்றில் மிதக்கும் நுண்துளிகளுக்கு அந்த ஒரு மீட்டர் பொருட்டே அல்ல. என் பார்வையில், வாசலுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியைக்கூட நாம் ஜன்னலுக்குக் கொடுக்கவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள்: கரிவளி அளவி கிருமியைக் காட்டாது. அறையில் எல்லாரும் நல்ல முகக்கவரி அணிந்தாலும், வடிகட்டும் கருவி ஓடினாலும் கரிவளி குறையாது. ஆனால் ஆபத்து குறையும். காற்று மாறுகிறதா என்பதை மட்டுமே அந்த எண் சொல்லும்.

விடுதி அறையில் யாரும் முகக்கவரியோடு தூங்குவதில்லை. அங்கே ஜன்னலைத் திறந்து, விசிறியை வைத்து உள்காற்றை வெளியே தள்ளுவதுதான் எளிய வழி. கொசு வரும், டிங்கி வரும் என்ற பயம் நியாயமானதே. ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டால் போதும். கொசு நின்றுவிடும், காற்று பெரும்பாலும் வந்துகொண்டிருக்கும்.