கையெழுத்து மட்டும் போட்ட காசோலை

ஈரோட்டில் காசோலை வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் நான். சம்மனோடு என் அலுவலகப் படியேறுகிறவர்களில் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: "கையெழுத்து மட்டுந்தானுங்க என்னுது. தொகை, தேதியெல்லாம் அவங்களே எழுதிக்கிட்டதுங்க." இதை நீதிபதியிடம் சொன்னால் வழக்கு முடிந்துவிடும் என்று நம்பி வருகிறார்கள். முடியாது.

கையெழுத்து உங்களுடையது என்றாகிவிட்டால், கடனைத் தீர்க்கத்தான் காசோலை கொடுத்தீர்கள் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 139-ஆவது பிரிவு அனுமானித்துக்கொள்கிறது. அதை உடைக்கும் பாரம் உங்கள் தலையில். விரும்பிக் கொடுத்த வெற்றுக் காசோலையை வேறு யார் நிரப்பியிருந்தாலும் இந்த அனுமானம் பொருந்தும் என்று பீர் சிங் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணமின்றித் திரும்பிய காசோலைக்கு 138-ஆவது பிரிவு தரும் தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையில் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. வழக்கு நடக்கும்போதே அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்லவும் 2018-இல் வந்த திருத்தம் இடம் கொடுக்கிறது.

விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் 2 லட்சம் கடனுக்குப் புரோநோட்டோடு வெற்றுக் காசோலையும் கொடுத்திருந்தார். கடனை ரொக்கமாகவே அடைத்தார். ரசீது கேட்கவில்லை, காசோலையையும் திரும்ப வாங்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து 9 லட்சத்துக்கு நோட்டீஸ் வந்தது. அவரைக் காப்பாற்றியது காசோலை எண். வங்கியிலிருந்து கணக்கு விவரம் வாங்கிப் பார்த்தோம். அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் இருந்த காசோலைகள் எல்லாம் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே பாஸாகியிருந்தன. போன வருடம் கொடுத்ததாகச் சொல்லும் கடனுக்கு, அத்தனை பழைய புத்தகத்திலிருந்து ஒரே ஒரு காசோலை எப்படி வந்தது? குறுக்கு விசாரணையில் இதற்குப் பதில் வரவில்லை. கடன் கொடுத்தவர் கையில் 9 லட்சம் இருந்ததற்கு வருமான வரிக் கணக்கும் இல்லை. விடுதலை கிடைத்தது, ஆனால் அதற்குள் அவர் வாய்தா வாய்தாவாக அலைந்து ஓய்ந்துபோனார்.

அதனால் காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையை எறியாதீர்கள். எந்த எண், யாருக்கு, எதற்கு என்று அதில் எழுதிவையுங்கள். காசோலை இல்லாமல் கடன் கிடைக்காது என்ற நிலை வந்தால், பெறுபவர் பெயரையும் தொகையையும் உங்கள் கையாலேயே நிரப்பிக் குறுக்குக் கோடு போடுங்கள். காசோலை எண்ணையும், இன்ன கடனுக்கு ஈடு என்பதையும் ஒரு கடிதத்தில் எழுதி, அதில் அவர் கையெழுத்தை வாங்குங்கள். தவணையை வங்கி வழியாகவே கட்டுங்கள். பாதிக் கடன் அடைந்த பிறகும், அதைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டால் 138-ஆவது பிரிவு வழக்கு நிற்காது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பாதியைக் கட்டியதற்கு ஆதாரம் உங்களிடம் இருக்க வேண்டுமே!

கடன் தீர்ந்ததும் காசோலையைக் கேட்டு வாங்குங்கள். "தொலைஞ்சு போச்சு" என்றால் அதை எழுத்தில் வாங்கி, வங்கிக்கும் தெரிவியுங்கள். 'ஸ்டாப் பேமெண்ட்' கொடுத்ததோடு தப்பித்தோம் என்று இருக்க வேண்டாம். அப்படித் திரும்பும் காசோலைக்கும் வழக்கு வரும். கணக்கை மூடினாலும் வரும்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பலர் பயந்து வாங்காமல் திருப்பி அனுப்புகிறார்கள். அது பெரும் கேடு. பணம் கட்டச் சட்டம் தரும் 15 நாளுக்குள் நடந்ததை நடந்தபடி எழுதிப் பதில் அனுப்புங்கள். அப்போது வாய் திறக்காதவர் சாட்சிக் கூண்டில் சொல்வதை, பின்னால் ஜோடித்த கதையாகவே நீதிமன்றம் பார்க்கும்.

எனக்கு அதிகம் மனம் பொறுக்காதது மனைவி பெயரில் கணக்கு வைத்துக் கணவர் தொழில் நடத்தும் வீடுகள். "நான் ஊருக்குப் போறேன், எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டு வெச்சிரு" என்றதும் முழுப் புத்தகத்திலும் போட்டுவிடுகிறார்கள். கூட்டுக் கணக்கானாலும் காசோலையில் கையெழுத்திட்டவர் மீதுதான் வழக்கு நிற்கும் என்பது 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கடன் வாங்கியவர் வெளியே நிற்க, கூண்டில் ஏறுவது அந்தப் பெண்தான். பெயரும் தொகையும் எழுதாத காசோலையில், கேட்பது கணவரே ஆனாலும், கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு.