ராத்திரியில் விழும் லிங்க்

கேள்வி: அண்ணாச்சி, வீடு கல்லிடைக்குறிச்சியில், அரிசி மில் சேரன்மகாதேவியில். இரண்டு மாடியிலும் கம்பம் நட்டு, 5.8 கிகாஹெர்ட்ஸ் டிஷ் மாட்டி, மில்லுக்கு வரும் இன்டர்நெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கோடை முழுக்கக் குறையே இல்லை. பிசான நடவு முடிந்ததிலிருந்து இருட்டினால் லிங்க் விழுகிறது. காலையில் வெயில் ஏறியதும் தானே வந்துவிடுகிறது. மாட்டிக்கொடுத்தவர் மழைதான் காரணம் என்கிறார். ரேடியோவையும் மாற்றிப் பார்த்தாயிற்று. கம்பத்தை இன்னும் உயர்த்தலாமா?

பதில்: கம்பத்தில் இப்போது கை வைக்காதீர்கள். மழை மேல் பழி போடுவதும் நியாயமில்லை, 5.8-இல் நல்ல மழையே சிக்னலை லேசாகத்தான் குறைக்கும். கேபிள் முனைக்குள் தண்ணீர் புகுந்தால் கெடுதல்தான். ஆனால் அது இருட்டு, வெயில் என்று பார்த்து வராது.

இன்று இரவு லிங்க் விழுந்து எழுந்ததும் ரேடியோவின் பக்கத்தைத் திறந்து, அது எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பாருங்கள். கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தால் குற்றம் கரண்டில். அடாப்டரையும் கேபிளையும் பாருங்கள். இது சின்ன விஷயமில்லை. 2005 வாக்கில் அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தேனிப் பக்கத்துக் கண் பரிசோதனை மையங்களை வைஃபையால் இணைத்தார்கள். அலையைத் தொலைவுக்கு அனுப்பும் சிக்கலைத் தீர்த்தும், தாறுமாறான மின்சாரம் கருவிகளைக் கெடுத்துக்கொண்டே இருந்தது.

ரேடியோ அணையாமல் ஓடுகிறது, சிக்னலும் வழக்கம்போல இருக்கிறது, லிங்க் மட்டும் விழுகிறது என்றால், சாயங்காலம் ஊரே வைஃபை போடும் நெரிசலாக இருக்கலாம். சேனலை மாற்றிப் பாருங்கள்.

ஆனால் நீங்கள் சொல்லும் நேரத்தைப் பார்த்தால், சிக்னல் மைனஸ் 60-இலிருந்து 80-க்குச் சரிகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அப்படியானால் சந்தேகம் வயல் மேல். இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் சுமார் 11 கிலோமீட்டர், வழியெல்லாம் நஞ்சை. நடவு வயலில் நிற்கும் தண்ணீர் அலைக்குக் கண்ணாடி. நேராக வரும் அலையும் தண்ணீரில் பட்டு வரும் அலையும் டிஷ்ஷில் சந்திக்கின்றன. 5.8-இல் ஓர் அலையின் நீளமே ஐந்து சென்டிமீட்டர்தான். பாதை இரண்டரை சென்டிமீட்டர் மாறினாலே, கைகொடுத்த அலை காலை வாரிவிடும். பகலில் காற்று கலங்கிக்கொண்டே இருப்பதால் சமாளிக்கும். இருட்டியதும் தரையோரக் காற்று குளிர்ந்து படலம் படலமாக நிற்க, அலை வளையும் விதமே மாறிவிடுகிறது.

இதற்கு மருந்து, நம்ப மாட்டீர்கள், ஒரு பக்கத்து டிஷ்ஷை இரண்டு மூன்று மீட்டர் இறக்குவது. இரண்டு அலைகளின் கணக்கு மாறும்; அதோடு முன்னால் இருக்கும் வீடோ கட்டடமோ வயலிலிருந்து வரும் அலையை மறைத்தால் இன்னும் நல்லது. ஒரே நிபந்தனை: வழியின் நடுவில் தென்னை உச்சிக்கு மேல் ஒன்பது மீட்டராவது காலியாக இருக்க வேண்டும் (பூமியின் வளைவுக்கான இரண்டு மீட்டரும் இதில் அடக்கம்). தென்னை வளர்ந்துகொண்டே இருக்கும், மறந்துவிடாதீர்கள். இறக்க இடமில்லையென்றால்தான் உயர்த்துவது. எதைச் செய்தாலும் ராத்திரி பத்து மணிக்குச் சிக்னல் பார்த்துச் செய்யுங்கள். மத்தியானத்தில் எல்லா உயரமும் நன்றாகத்தான் காட்டும்.

பயிர் வளர்ந்து தண்ணீரை மூடினால் தொல்லை தானே குறையலாம். அதற்குள் மூன்றாவது ரேடியோ வாங்கிவிடாதீர்கள்.