சாப்பாட்டைத் தவிர்க்கும் பிள்ளை, கையில் கீறல்: பெற்றோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மகள் தட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருக்கிறாள். அல்லது நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே பாத்ரூம் கதவைத் தாழிடுகிறாள். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. திமிர், ஃபேஷன் என்று தள்ளிவிடாதீர்கள். உணவுக் கோளாறும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தே வருவதுண்டு. மகன்களுக்கும் வரும்.

செய்ய வேண்டியவை

• தனியாக இருக்கும்போது பேசுங்கள். "கையில காயம் பாத்தேன்மா, திட்டமாட்டேன், என்னாச்சு?" போதும். மாடியில் துணி காயப்போடும்போது கேட்டால் இன்னும் நல்லது. முகத்துக்கு நேரே பார்க்க வேண்டியிருக்காது, வாய் திறக்கும்.

• "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கீறிக்கொள்பவர்கள் எல்லோரும் சாக நினைப்பதில்லை. தாங்க முடியாத மனவேதனையைத் தணிக்கச் செய்பவர்களே அதிகம். ஆனாலும் அவர்களுக்குத் தற்கொலை ஆபத்து கூடுதல். "ஆமாம்" என்று பதில் வந்தால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

• மனநல மருத்துவரோடு பொது மருத்துவரையும் பாருங்கள். அடிக்கடி வாந்தி எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். இரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் அவசியம். "வாந்தி எடுக்கிறாள்" என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் சத்து டானிக் எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார். எடையைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். புலிமியா (நிறையச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது போன்ற கோளாறு) உள்ள பலர் பார்வைக்குச் சாதாரணமாகத்தான் இருப்பார்கள்.

• தெரபிஸ்ட்டின் தகுதியை விசாரியுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கும். உணவுக் கோளாறு கேஸ் பார்த்த அனுபவம் உண்டா என்றும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

• அனோரெக்சியா (எடை கூடிவிடும் என்ற பயத்தில் பட்டினி கிடக்கும் கோளாறு) என்று தெரிந்தால், சிகிச்சையாளர் வழிகாட்டலோடு சாப்பாட்டுப் பொறுப்பைக் கொஞ்ச காலம் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பச் சிகிச்சையின் அடிப்படையே இதுதான். எப்போது, என்ன, எவ்வளவு என்பது பெற்றோர் முடிவு. கூடவே உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். பேச்சு பள்ளிக்கூடம், சினிமா என்று போகட்டும்.

• மாத்திரை, எலி மருந்து, பூச்சிமருந்து எல்லாவற்றையும் இன்றைக்கே பூட்டுங்கள். சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான் உச்சத்தில் இருக்கும். அப்போது கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்பும்.

செய்யக்கூடாதவை

• உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள், பாராட்டாகக்கூட. "இப்பத்தான் முகம் தெளிஞ்சிருக்கு" என்று நீங்கள் சொல்வது "குண்டாயிட்டே" என்றுதான் காதில் விழும். கல்யாண வீட்டில் பெரியம்மா "இளைச்சதும் அழகாயிட்டடி" என்று ஆரம்பித்தால் பேச்சை மாற்றுங்கள். உங்கள் டயட் புராணத்தையும் சாப்பாட்டு நேரத்தில் எடுக்காதீர்கள்.

• பல நாள் பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாகத் திணிக்காதீர்கள். உள்ளே போகும் மாவுச்சத்துக்கு இன்சுலின் சுரக்கும்; இரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம் திடீரென இறங்கும்; இதயம் தடுமாறும், உயிரே போகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து பட்டினி முகாம்களிலிருந்து மீண்டவர்களிடம் டாக்டர்கள் இதைக் கண்டார்கள். எவ்வளவில் தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

• "இனிமே செய்யமாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்று கேட்காதீர்கள். அடுத்த முறை காயத்தோடு பொய்யும் சேரும்.

• தினமும் "கையைக் காட்டு" என்று போலீஸ் வேலை பார்க்காதீர்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குக் காயம் மாறும், அவ்வளவுதான்.

• "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்காகச் சித்தி, அத்தை எல்லோருக்கும் போன் போடவும் வேண்டாம்.

• மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். கோயிலுக்குப் போங்கள், டாக்டரையும் அதே வாரம் பாருங்கள்.

• கேஸ் ஆகிவிடும் என்று பயந்து காயத்தை வீட்டிலேயே மூடி மறைக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம்.

• தெரபி முடிந்து வந்ததும் "என்ன பேசினே?" என்று துருவாதீர்கள். துருவினால் அடுத்த சிட்டிங்கில் தெரபிஸ்ட்டிடமும் வாய் திறக்காது.

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, ஆழமான காயம், மாத்திரை விழுங்கிய சந்தேகம் இருந்தால் யோசிக்காமல் 108. பேசித் தெளிய, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். பெற்றோரும் அழைக்கலாம். எண்ணை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.