பசளைப் பையிற் காணும் இரசாயனச் சொற்கள்

பசளை வாங்கும் கமக்காரர் பணங் கொடுத்துப் பெறுவது பையையன்று. பையினுள் அடங்கிய பயிருணவையேயாகும். அவ்வுணவு யாது, எவ்வளவு உளது என்பவற்றைப் பையின்மேல் அச்சிட்ட சில சொற்களும் எண்களும் அறிவிக்கின்றன. அவற்றின் பொருள் விளங்காதவிடத்து, வாங்கிய பசளையில் ஒரு பங்கு காற்றுக்கும் இன்னொரு பங்கு கிணற்றுக்கும் போய்ச் சேரும். ஆதலின் இன்றியமையாத இரசாயனச் சொற்கள் சில, வயலிலுந் தோட்டத்திலுங் காணத்தக்க உதாரணங்களோடு இங்கு விளக்கப்படுகின்றன.

1. மூலகம்

இரசாயன முறையால் மேலும் எளிய பொருள்களாகப் பிரிக்க இயலாத தனிப்பொருள் மூலகம் எனப்படும். இரும்பு, செம்பு, கந்தகம் என்பன மூலகங்கள். பயிருக்கு இன்றியமையாத மூலகங்கள் 17. இவற்றுள் காபன், ஐதரசன், ஒட்சிசன் ஆகிய மூன்றையும் பயிர் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் பெறுகின்றது. ஏனைய 14 மூலகங்களையும் பெரும்பாலும் மண்ணே கொடுத்தல் வேண்டும். அவற்றுள் பெருமளவில் வேண்டப்படுவனவும், மண்ணில் விரைவிற் குறைந்துவிடுவனவுமான நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் என்னும் மூன்றையுமே பசளையாக இடுகின்றோம்.

2. சேர்வையும் கலவையும்

இரண்டு அல்லது பல மூலகங்கள் மாறாத ஓர் அளவிற் கூடி உண்டாகும் புதுப்பொருள் சேர்வை எனப்படும். யூரியா ஒரு சேர்வை. எந்த நாட்டில் உற்பத்தியாயினும் அதன் 100 பங்கில் ஏறக்குறைய 46 பங்கு நைதரசனாகும். கலவையோ அத்தகையதன்று. அதனுட் சேர்ந்த பொருள்கள் எந்த அளவிலும் இருக்கலாம். எனவே கலவைப் பசளையை வாங்குவோர் அதன் பெயரை மட்டும் நம்பாது, எண்களையும் வாசித்தல் வேண்டும்.

50 கிலோகிராம் யூரியாவில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. 100 பங்கில் 21 பங்கு நைதரசனைக் கொண்ட அமோனியஞ் சல்பேற்றில் அதே நிறையுள்ள பையில் இருப்பது 10½ கிலோகிராம் மாத்திரமே. ஒரு பை யூரியாவுக்குப் பதிலாக ஒரு பை அமோனியஞ் சல்பேற்றை இட்டவர் தம் பயிருக்கு அரைவயிற்று உணவே கொடுத்தவராவர். பையின் விலையை அதிலுள்ள நைதரசனின் கிலோகிராம் தொகையாற் பிரித்துப் பார்த்தால், எது மலிவென்பது விளங்கும்.

3. கரைசல்

உப்பு நீரிற் கரைந்து கண்ணுக்குப் புலப்படாது நிற்பது கரைசலாகும். குறித்த அளவு நீரில் எவ்வளவு பொருள் கரைந்துள்ளது என்பதே அதன் செறிவு. வேர் பயிருணவைக் கரைசலாகவே உறிஞ்சும். ஆயினும் செறிவு அளவுக்கு மிஞ்சினால், வேரிலுள்ள நீரை மண் இழுத்துக்கொள்ளும். மிளகாய்க் கன்றின் தண்டோடு ஒட்டிப் பசளையை இட்டவிடத்து, மண் ஈரமாக இருந்தும் கன்று வாடுவது இதனாலேயே. பசளையைத் தண்டினின்றும் சற்று விலக்கி இட்டு, நீர் பாய்ச்சுதல் வேண்டும்.

4. அமிலம், காரம், உப்பு

தேசிக்காய்ச் சாறு, புளி என்பன அமிலத்தன்மை உடையன. அமிலம் நீலப் பாசிச்சாயத்தாளைச் சிவப்பாக்கும். சுண்ணாம்பும் விறகுச் சாம்பலும் காரத்தன்மை உடையன. இவை சிவப்புத் தாளை நீலமாக்கும். அமிலமும் காரமுங் கூடும்போது ஒன்றன் தன்மையை மற்றது போக்க, உப்பு உண்டாகும். இச்செயல் நடுநிலையாக்கல் எனப்படும். அமோனியஞ் சல்பேற்றும் இவ்வகையில் உண்டான ஓர் உப்பே.

இவ்வுப்பு மீண்டும் காரத்தோடு சேர்ந்தால் நிகழ்வது யாது? ஓர் ஓட்டுத் துண்டில் சிறிது அமோனியஞ் சல்பேற்றையும் ஈரமான வெற்றிலைச் சுண்ணாம்பையுங் கலந்து வைக்க, கண்ணைக் கரிக்கும் நெடி எழும். அது அமோனியா வாயு. பணங் கொடுத்து வாங்கிய நைதரசனே அவ்வாறு பறந்து போகின்றது. (முகத்தை அருகிற் கொண்டு செல்லலாகாது.) ஆதலின் அமோனியஞ் சல்பேற்றையோ யூரியாவையோ சுண்ணாம்புடனுஞ் சாம்பலுடனும் ஒருமிக்கக் கலந்து இடலாகாது.

5. பீஎச் பெறுமானம்

மண் அமிலமா, காரமா என்பதை அளக்கும் எண் பீஎச் பெறுமானம். 7 நடுநிலை, அதற்குக் குறைந்தது அமிலம், கூடியது காரம். ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். பீஎச் 5 ஆகவுள்ள மண், 6 ஆகவுள்ள மண்ணிலும் பத்து மடங்கு அமிலமானது. பெரும்பாலான பயிர்கட்கு 5½ முதல் 7 வரை ஏற்றது.

மழை மிகுந்த நுவரெலியா மரக்கறித் தோட்டங்களில் மண் அமிலமாதலால் தொலமைற்று இடப்படுகின்றது. சுண்ணக்கற் பாறைமேல் அமைந்த வலிகாமம் மண்ணிலோ சுண்ணாம்பு இயல்பாகவே உண்டு. ஓரிடத்து மருந்து மற்றோரிடத்து நோயாகலாம். மண்ணைப் பரிசோதித்த பின்னரே சுண்ணாம்பு இடுதல் முறை.

6. அயன்

உப்பு நீரிற் கரையும்போது மின்னேற்றம் பெற்ற துணிக்கைகளாகப் பிரியும். அவை அயன்கள். அமோனியம் அயன் நேரேற்றம் உடையது. களிமண் பெரும்பாலும் மறையேற்றம் உடையது. ஆதலால் களிமண் அமோனியத்தைப் பற்றிக்கொள்ளும். மறையேற்றமுள்ள நைத்திரேற்று அயனை அது பற்றுவதில்லை. நீர் தேங்கிய நெல்வயலில் நைத்திரேற்றைப் பற்றீரியாக்கள் வாயுவாக மாற்றிவிடும். ஆதலின் நெல்லுக்கு யூரியா, அமோனியஞ் சல்பேற்றுப் போன்றனவே ஏற்றவை. தோட்ட நிலத்திலோ, பயிர் உண்ணாது விட்ட நைத்திரேற்று நீரோடு கீழிறங்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கீழே உள்ளது வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கற் பாறை. வெங்காயத்துக்கு மிகையாக இட்ட பசளையும் எருவும் அவ்வழியே கிணற்று நீரை அடைகின்றன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. மிஞ்சினால், புட்டிப்பால் அருந்துங் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கலாம். நீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது; நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

பையின் நிறையை அன்றி, அதிலுள்ள மூலகத்தின் அளவைக் கணக்கிடுக.
நைதரசன் பசளையைச் சுண்ணாம்போடும் சாம்பலோடுங் கலவாதிருக்க.
பீஎச் பெறுமானம் அறியாது சுண்ணாம்பு இடாதிருக்க.
பசளையை ஒரே முறையிற் கொட்டாது, பயிர் உண்ணும் அளவிற் பகுத்து இடுக.

பயிர் உண்ட பசளை களஞ்சியத்துக்கு வரும். உண்ணாத பசளை குடிநீர்க் கிணற்றுக்கு வரும்.