த்ரெட் எந்த சிபியுவில் ஓடுகிறது?

நம்பிக்கை: ஒரு த்ரெட் தொடங்கிய சிபியுவிலேயே கடைசிவரை ஓடும்.

அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. லினக்ஸின் ஷெட்யூலர் ஒரு த்ரெட்டை இடையில் நிறுத்திவிட்டு, வேறு சிபியுவில் தொடர விடலாம். கேஷில் அதன் தரவு இன்னும் மிச்சமிருக்கும் என்பதால் பழைய இடத்துக்கே அனுப்பப் பார்க்கும். அங்கே நெரிசல் என்றால் தயங்காமல் மாற்றிவிடும்.

நம்பிக்கை: ‘டாஸ்க்செட் -பி’ கொடுத்தால் தெரிந்துவிடும்.

தெரியாது. அது காட்டுவது அனுமதியை மட்டும். எட்டு சிபியு உள்ள கணினியில் ‘எஃப்எஃப்’ என்று வந்தால் எட்டில் எதிலும் ஓடலாம் என்று பொருள். பஸ் பாஸில் எந்தெந்த ரூட்டில் ஏறலாம் என்றுதான் இருக்கும். ஆள் இப்போது எந்த பஸ்ஸில் இருக்கிறார் என்று இருக்காது.

நம்பிக்கை: ‘பிஎஸ்’ கட்டளையின் பிஎஸ்ஆர் பத்தி இந்த நொடி நிலவரம்.

அனுபவசாலிகளும் சறுக்கும் இடம் இது. அந்த எண், கர்னல் ‘ப்ராக்’ கோப்புகளில் த்ரெட்டுக்குத் த்ரெட் எழுதும் ‘ஸ்டாட்’ வரியின் 39-ஆம் புலத்தில் இருப்பது: கடைசியாக ஓடிய சிபியு. ஒரு மணி நேரமாகத் தூங்கும் த்ரெட்டுக்கும் அங்கே ஓர் எண் இருக்கும்! பக்கத்திலேயே நிலைப் பத்தியையும் போட்டுப் பாருங்கள். ‘எஸ்’ என்றால் தூக்கம். ‘ஆர்’ என்றாலும் முழுதாக நம்ப முடியாது. வரிசையில் காத்திருப்பதற்கும் அதே எழுத்துதான். இன்னொன்று, பெரிய ‘எல்’ விருப்பம் சேர்க்காவிட்டால் ஒரு ப்ராசஸுக்கு ஒரே வரிதான் வரும், மற்ற த்ரெட்கள் கண்ணிலேயே படாது.

நம்பிக்கை: த்ரெட்டையே கேட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

பாதிதான். ‘ஷெட்_கெட்சிபியு’ தரும் எண், கேட்ட கணத்துக்குச் சரி. அடுத்த வரி ஓடுவதற்குள் த்ரெட் இடம் மாறியிருக்கலாம். புள்ளிவிவரம் சேர்க்க அது போதும்; அந்த எண்ணை நம்பிப் பூட்டில்லாமல் பொதுத் தரவைத் தொடுவது வம்பை விலைக்கு வாங்குவது. எண் மாறவே கூடாதென்றால் ‘ஷெட்_செட்அஃபினிட்டி’ மூலம் ஒரே சிபியுவில் கட்டிப்போட வேண்டும். அளவீட்டுச் சோதனைகளுக்கு நல்ல வழி. தினசரிச் சேவைகளில் நான் பரிந்துரைக்க மாட்டேன்: அந்த ஒன்று வேலையில் மூழ்கியிருந்தால், மற்றவை சும்மா இருந்தாலும் த்ரெட் காத்துக்கிடக்கும்.

நம்பிக்கை: இரண்டு எண் என்றால் இரண்டு கோர்.

ஹைப்பர்த்ரெடிங் இருந்தால் 0, 4 என்ற இரண்டும் ஒரே கோரின் இரு முகங்களாக இருக்கலாம். ‘எல்எஸ்சிபியு -இ’ கொடுத்து, கோர் பத்தியை ஒப்பிட்டுவிட்டுக் கட்டுங்கள்.