இரண்டு நார்னியாக்கள்

(பத்தாம் வகுப்பு மாணவி)

நூலில் நார்னியாவைக் கண்டவர்களுக்கு அது ஒரு நாடு. தொலைக்காட்சியில் கண்டவர்களுக்கு அது வேறொரு நாடு. இரண்டிற்கும் பெயர் ஒன்றே; அலமாரியின் வழியாகத்தான் இரண்டிற்குள்ளும் நுழைய வேண்டும். ஆனால் உள்ளே போனபின் காண்பவை ஒன்றல்ல.

நார்னியாக் கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ் 1898ஆம் ஆண்டு பெல்பாஸ்ட் நகரில் பிறந்தவர்; ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இலக்கியம் கற்பித்தவர். 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஏழு கதைகளை வெளியிட்டார். இவற்றில் நான்கை மட்டும் பி.பி.சி. நிறுவனத்தார் 1988, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் தொலைக்காட்சித் தொடர்களாக எடுத்தனர். நான் ஒப்பிடப் போவது இந்தத் தொடர்களைத்தான். பின்னர் வந்த திரைப்படங்களை அல்ல.

தோழியரே, ஒரு வியப்பான செய்தி! இப்படி ஒரு தொடர் வருவதை லூயிஸ் விரும்பவே இல்லை. 1959ஆம் ஆண்டு பி.பி.சி.யைச் சேர்ந்த ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், வானொலி நாடகம் சரி, தொலைக்காட்சி கூடாது என்று திட்டமாகச் சொல்லிவிட்டார். பேசும் விலங்குகளை எழுத்தில் படிக்கலாம். கண்முன் கொண்டுவந்தால் கோமாளித்தனமாகவோ கொடுங்கனவாகவோ ஆகிவிடும் என்பது அவர் கருத்து. அதிலும் மனிதர் வேடமிட்டு வரும் அஸ்லான் தமக்குத் தேவநிந்தனையாகவே படும் என்றார். அவர் 1963இல் காலமானார். கால் நூற்றாண்டு கழித்துத் தொடர் வந்தது.

அஸ்லான் என்பது வெறும் சிங்கமாக இருந்தால் அவர் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டார். நார்னியா போன்ற ஓர் உலகம் உண்மையில் இருந்து, அங்கே கிறிஸ்து வந்தால் எப்படி வருவார் என்று எண்ணிப் பார்த்ததன் விளைவே அஸ்லான் என்று லூயிஸே விளக்கியிருக்கிறார். கல்மேசையில் எட்மண்டுக்காக அஸ்லான் உயிர் கொடுக்கும் அத்தியாயத்தைப் படிக்கும் எவருக்கும் இது புரியும். அங்கே நூலாசிரியர் செய்வதைக் கவனியுங்கள். கத்தி இறங்கும் நொடியில் லூசியும் சூசனும் கண்களை மூடிக்கொள்கிறார்கள். அந்த நொடியை நமக்கும் அவர் காட்டுவதில்லை. எழுத்து தன் முகத்தை மூடிக்கொள்ளலாம். காமிராவோ எங்காவது ஓரிடத்தில் நின்று பார்த்தே ஆகவேண்டும்.

தொடரில் வரும் அஸ்லான் ஒரு பெரிய பொம்மை. உள்ளே இருவர் இருந்து இயக்க, ரொனால்டு பிக்கப் என்ற நடிகர் குரல் கொடுத்தார். அசையாமல் நிற்கும்போது அந்த முகத்தில் ஒரு கம்பீரம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நடக்கத் தொடங்கினால்தான் சங்கடம்! ஆனால் எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுவது நடையன்று. இரண்டாம் நூலில் லூசி நெடுநாள் கழித்து அஸ்லானைக் காண்கிறாள். முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது. நீ வளர வளர நானும் உனக்குப் பெரிதாகத் தெரிவேன் என்ற பொருளில் அஸ்லான் பதில் கூறுகிறது. நாம் வளர்ந்தால் நம் பழைய பொருள்கள் எல்லாம் சிறுத்துப்போகும். இது மட்டும் பெருகுகிறது. இதை ஒரே அளவில் செய்த பொம்மையைக் கொண்டு எப்படிக் காட்டுவது?

மனத்திற்குள் நடப்பவையும் இப்படித்தான். பீவர் முதன்முதலில் அஸ்லான் என்ற பெயரைச் சொல்லும்போது நான்கு பிள்ளைகளுக்கும் நான்கு விதமான உணர்ச்சி எழுகிறது. எட்மண்டுக்குத் திகில், பீட்டருக்குத் துணிவு, சூசனுக்கு நறுமணமோ இன்னிசையோ கடந்து போனது போன்ற சுகம், லூசிக்கு விடுமுறையின் முதல்நாள் காலையில் கண்விழிக்கும் மகிழ்ச்சி. திரையில் நாம் காண்பது நான்கு முகங்கள்தாம். பிறகு எட்மண்ட் தன் உடன்பிறந்தோரைக் காட்டிக்கொடுக்கப் பனியில் நடந்து போகிறான். நூலில் அவன் போகிற போக்கில், தான் அரசனானதும் முதல் வேலையாக நல்ல சாலைகள் போடவேண்டும் என்று திட்டமிடுகிறான்! தீமை செய்யப் போகிறவன் தன்னைப் பொறுப்புள்ளவனாக நினைத்துக்கொள்வதை இதைவிட நகைச்சுவையாக யார் எழுத முடியும்?

பீவர் தம்பதியர் தொடரில் ஆள் உயரத்துக்கு வருகிறார்கள், உள்ளே நடிகர்கள் இருப்பதால். பறக்கும் காட்சிகளில் கையால் வரைந்த ஓவியங்களைச் சேர்த்திருக்கிறார்கள். இன்றைய கணினிப் படங்களைப் பார்த்துப் பழகிய நம் தங்கைமார் சிரிக்கலாம். சிறிது பொறுமை வேண்டும். 'இளவரசர் காஸ்பியன்' கதையை இரண்டே பகுதிகளில் முடித்துவிட்டதுதான் மன்னிக்க முடியாதது. நூலில் நான்கு பிள்ளைகளும் இடிந்த கோட்டையொன்றில் வந்து விழுந்து, அது தாங்கள் ஒருகாலத்தில் ஆண்ட கோட்டையே என்று மெல்ல மெல்லக் கண்டுபிடிக்கிறார்கள். காஸ்பியனின் வரலாற்றைக் குள்ளன் ஒருவன் பின்னர்தான் சொல்கிறான். தொடரோ காஸ்பியனை முதலிலேயே காட்டிவிடுவதால் அந்த மர்மம் பாதி போய்விடுகிறது.

ஆயினும் 'வெள்ளி நாற்காலி'க்கு ஆறு பகுதிகள் கிடைத்தன. அதில் பட்டில்கிளம் என்னும் சதுப்புநிலவாசியாக டாம் பேக்கர் நடித்திருக்கிறார். எதிலும் கெட்டதையே எதிர்பார்க்கும் பாத்திரம். பாதாள உலகில் பச்சை ஆடைச் சூனியக்காரி, சூரியன் என்று ஒன்று இல்லவே இல்லை, அஸ்லானும் இல்லை என்று எல்லாரையும் மயக்கும்போது, இந்த மனிதர் வெறுங்காலால் நெருப்பை மிதித்து அணைத்து, அஸ்லான் கற்பனையே ஆனாலும் நான் அஸ்லானின் பக்கமே என்கிறார். இதை நான் முதலில் படித்தபோது வேகமாகப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். பேக்கரின் கரகரத்த குரலில் கேட்ட பிறகுதான் மீண்டும் எடுத்து நிதானமாகப் படித்தேன். இங்கே நூலுக்குத் தொடர் கைகொடுத்திருக்கிறது.

மற்ற மூன்று நூல்களைப் பி.பி.சி. எடுக்கவில்லை. ஆகவே தொடரை மட்டும் பார்த்தவர்கள், காட்டின் நடுவே தெருவிளக்கு எப்படி வந்தது என்பதை அறிய மாட்டார்கள். லண்டன் விளக்குக் கம்பத்திலிருந்து பிடுங்கி எறியப்பட்ட இரும்புத் துண்டு, புதிதாய்ப் பிறந்த நார்னிய மண்ணில் விழுந்து விளக்காகவே முளைத்தது! அலமாரிக்கு மரம் கிடைத்த கதையும் அந்த 'மந்திரவாதியின் மருமகன்' நூலில்தான் உள்ளது.

சூசனின் முடிவும் அவர்களுக்குத் தெரியாது. கடைசி நூலில் மற்ற மூவரும் இரயில் விபத்தில் இறந்து அஸ்லானின் நாட்டை அடைகிறார்கள், சூசன் இல்லை. அவளுக்கு இப்போது நைலான் காலுறையும் உதட்டுச் சாயமும் விருந்து அழைப்புகளும்தாம் பெரிது, நார்னியா சிறுவயது விளையாட்டு என்கிறாள் என்று காரணம் சொல்லப்படுகிறது. எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. சாயம் பூசியதற்கா தண்டனை என்று பாதிப்பேர். அதற்காக அல்ல, கண்ணால் கண்டதை இல்லையென்று மறுத்ததற்காக என்று மீதிப்பேர். நான் இரண்டாவது கட்சி. ஆனாலும் ஒரே நாளில் உடன்பிறந்தோர் அனைவரையும் இழந்து நிற்கும் அவளை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. லூயிஸுக்கும் அப்படித்தான் இருந்ததோ என்னவோ. 1957ஆம் ஆண்டு ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில், சூசன் இன்னும் உயிரோடுதானே இருக்கிறாள், திருந்த அவளுக்குக் காலம் நிறைய இருக்கிறது, தனக்கே உரிய வழியில் அவளும் ஒருநாள் வந்து சேரலாம் என்று எழுதியிருக்கிறார்.