மண்ணில்லாப் பயிர்ச்செய்கை: வாசனை இலைச்செடி நாற்றுகளுக்குத் தாங்கல் அளித்தல்

தோட்டத்தில் நாற்றை நட்டதும் அதன் அடிமண்ணை விரலால் அழுத்திவிடுவது நம் வழக்கம். மண் நாற்றுக்கு நீரும் போசணையும் தருவதோடு அதனை நிமிர்த்தியும் பிடிக்கின்றது. வீட்டினுள் போசணைக் கரைசலில் பயிர் வளர்க்கும்போது நீரையும் போசணையையும் கரைசல் தரும். பிடிப்பை நாமே தரவேண்டும். 1930ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இம்முறையை வளர்த்த கெரிக் என்பவரும், கரைசல் தொட்டியின்மேல் கம்பிவலையிட்டு, அதன்மீது மரச்சீவல் போன்றவற்றைப் பரப்பியே செடிகளை நிறுத்தினார்.

ஒரு கமக்காரர் இல்லத்தில் திருநீற்றுப்பச்சை நாற்றுகள் யாவும் சாய்ந்து கிடக்கக் கண்டோம். ஒவ்வொன்றுக்கும் ஈர்க்கு நட்டு நூலால் இறுகக் கட்டியிருந்தனர். ஆயினும் ஒரு கிழமைக்குள் பெரும்பாலானவை நூல் கட்டிய இடத்திலேயே ஒடிந்தன. பெட்டி இருண்ட மூலையில் இருந்ததே மூலகாரணம். ஆகவே, தாங்கல் கொடுக்குமுன் நாற்று ஏன் சாய்ந்தது என்பதை அறிதல் வேண்டும்.

சாய்வதற்கான காரணங்கள்

1. ஒளிக்குறைவு: தண்டு மெலிந்து, வெளிறி, நீண்டு, ஒளி வரும் பக்கம் வளையும்.

2. வேர்ப்பிடிப்பின்மை: தண்டு நன்றாயிருந்தும், கோப்பையை அசைத்தால் நாற்று அடியோடு ஆடும்.

3. நாற்றழுகல்: தண்டின் அடி நீர்கோர்த்து, கறுத்து, நூல்போல் சுருங்கும். இத்தகைய நாற்றுக்குத் தாங்கல் பயன்தராது. அதனைக் கோப்பையோடு அகற்றி, ஏனையவற்றின் ஈரத்தைக் குறைக்க வேண்டும்.

கோப்பையை ஆயத்தஞ்செய்தல்

வெற்று யோகட் கோப்பையின் அடியிலும் பக்கங்களிலும் துளையிடுக. அடியில் சிறிது தென்னந்தும்பை வைத்து, அதன்மேல் தும்புத்தூளும் உமிக்கரியும் கலந்து நிரப்புக. தும்புத்தூளில் உப்பு இருக்கக்கூடுமாதலால் அதனை நல்ல நீரில் பலமுறை அலசிய பின்னரே பயன்படுத்துக. கலவையை இலேசாக அழுத்துக. தளர்வாயிருப்பின் வேர் பற்றாது, இறுகினால் காற்றுப் புகாது.

திருநீற்றுப்பச்சை விதையைக் கால் அங்குல ஆழத்திலும், கொத்தமல்லியை அரை அங்குல ஆழத்திலும் இடுக. கொத்தமல்லிக் காயை மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து இடுதல் நன்று. அதன் ஆணிவேர் இடமாற்றத்தைப் பொறுக்காது. ஆதலால் கோப்பையிலேயே நேரடியாக விதைக்குக. நாற்றுகள் நெருங்கியிருப்பின் மிகையானவற்றைப் பிடுங்காது, கத்தரிக்கோலால் அடியில் வெட்டுக. பிடுங்கினால் அயல் நாற்றின் வேரும் தளரும்.

தாங்கல் கொடுக்கும் முறை

தண்டு சற்று நீண்டுவிட்ட திருநீற்றுப்பச்சைக்கு, வித்திலைகளின் கீழ்வரை கலவையை அணைத்துவிடலாம். புதைந்த தண்டிலிருந்து புதுவேர் பிறக்கும். கொத்தமல்லிக்கும் பாஸ்லிக்கும் இவ்வாறு செய்யற்க. அவற்றின் குருத்து அடியிலிருந்து தோன்றுவதால், மூடினால் அழுகிவிடும்.

அணைத்தும் நில்லாத நாற்றுக்கு ஐந்தங்குல ஈர்க்கொன்றைக் கோப்பையின் ஓரமாக ஊன்றுக. வேர் பரவுமுன் ஊன்றினால் வேர் அறுபடாது. நனைத்த வாழைநாரையோ பருத்தி நூலையோ தண்டுக்கும் ஈர்க்குக்கும் இடையே ஒருமுறை முறுக்கி, தளர்வாகக் கட்டுக. கட்டினுள் ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளி இருத்தல் வேண்டும். தண்டைச் சுற்றி ஸ்பொஞ் துண்டு வைப்போர், அது கரைசலில் நனைந்துகொண்டே இராதவாறு பார்த்துக்கொள்க.

தண்டைத் திடப்படுத்தல்

யன்னலோரத்தில் வைத்தால் பெட்டியை நாள்தோறும் திருப்பி வைக்குக. வெளிச்சம் போதாவிடின், குழல் விளக்கை நாற்றின் நுனிக்கு நான்கு முதல் ஆறங்குலம் மேலே தொங்கவிட்டு, நாளொன்றுக்கு 14 மணித்தியாலம் வரை எரியவிடுக. நாற்று மட்டத்தில் புறங்கையைப் பிடித்துப் பார்க்குக. சூடு தெரிந்தால் விளக்கை உயர்த்துக. மெல்லிய காற்றில் சிறிது அசையும் தண்டு தடிக்கும். ஆதலால் நாற்றை அசையவொட்டாது கட்டுதல் தீங்காகும்.

கரைசலைப் பொதியிற் கூறிய அளவின் பாதிச் செறிவில் தொடங்குக. முதலில் அது கோப்பையின் அடியைத் தொட்டால் போதும். வேர்கள் துளைகளினூடாக வெளிவந்தபின் மட்டத்தைச் சற்றுத் தாழ்த்தி, வேரின் மேற்பகுதிக்குக் காற்றுக் கிடைக்கச் செய்க. கரைசலில் ஒளி பட்டால் பாசி வளரும். தேங்கிய நீர் திறந்திருந்தால் டெங்கு நுளம்பு முட்டையிடும். எனவே பெட்டியைக் கறுப்புப் பொலித்தீனால் போர்த்தி, கோப்பையைச் சுற்றியுள்ள இடைவெளிகளையும் அடைத்துவிடுக.

தாங்கலை அகற்றுதல்

வெண்மையான வேர்கள் துளைகளில் தெரிந்து, கட்டை அவிழ்த்தபோது நாற்று தானே நின்றால், தாங்கலின் பணி முடிந்தது. ஈர்க்கை இழுக்காது, கலவையின் மட்டத்தில் வெட்டிவிடுக. திருநீற்றுப்பச்சை ஆறங்குலம் வளர்ந்ததும் ஓர் இலைக்கணுவின் மேலே நுனியைக் கிள்ளுக. செடி பக்கக்கிளை விட்டுப் பருத்து நிற்கும்.

ஈர்க்கு சில நாள் உதவி மாத்திரமே. ஒளியும் காற்றும் அளவான ஈரமும் குறைவின்றிக் கிடைத்த நாற்றுகளிற் பெரும்பாலானவற்றுக்கு அதுவும் வேண்டியதில்லை. விலைகொடுத்து வாங்கிய விதை வீணாகாதிருக்க, விதைக்கும் நாளிலேயே வெளிச்சத்துக்கு இடம்பார்த்துக்கொள்க.